பெரிய கெளுத்தி ஆணா பெண்ணா? அறிகுறியை வைத்துப் பார்க்கும் முறை

எங்கள் கோபி, சத்தி பக்கம் வீட்டு டேங்கிலும் தோட்டத்துத் தொட்டியிலும் பெரிய கெளுத்தி வளர்க்கிறவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். அவர்கள் போனில் போட்டோ அனுப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இது ஆணுங்களா, பொண்ணுங்களா? போட்டோவில் மீனின் முதுகும் மீசையும் தெரியும். முதுகையும் மீசையையும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் வேறொரு விஷயம் வெளியே வரும். வயிறு பெருத்திருக்கிறது, ரெண்டும் அடித்துக்கொள்கின்றன, அடியில் ஏதோ துருத்திக்கொண்டு நிற்கிறது, நாலு நாளாக இரை எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் பெண்ணாக இருக்குமோ, சினையாக இருக்குமோ என்று நினைத்திருப்பார்கள். அதனால் மீன் வாரியாக எழுதாமல், நீங்கள் என்ன பார்த்தீர்களோ அதை வைத்தே எழுதுகிறேன். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், அப்புறம் உங்களுக்கு வேண்டிய இடத்துக்குப் போகலாம்.

உங்களிடம் இருப்பது எந்த மீன்?

இது தெரியாமல் ஆண் பெண் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் சில கெளுத்தியில் வெளியிலிருந்தே தெரியும், சிலதில் எத்தனை வயதானாலும் தெரியாது.

சிவப்பு வால் உள்ள ரெட் டெயில், தட்டையான நீள மூக்குள்ள டைகர் ஷவல்நோஸ், இரண்டையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பு மீன், கடையில் ஷார்க் என்று இரண்டு அங்குலக் குஞ்சாக விற்பது, இவை எல்லாம் வெளியில் அடையாளமே காட்டாத கூட்டம். அந்த ஷார்க் உண்மையில் சுறா இல்லை, மீகாங் ஆற்றுக் கெளுத்தி. சாப்பாட்டுக்கு பாசா என்று துண்டு போட்டு விற்கிறார்களே, அதே மீன்தான், நாலடிக்கு மேல் வளரும். ரெட் டெயிலும் நாலடி தாண்டும். தூண்டிலில் பிடித்த ரெட் டெயிலுக்கு உலக சாதனை 56 கிலோ, பிரேசிலில். பெண்ணுக்கு உடம்பு கொஞ்சம் தடிமன் என்பார்கள், ஆனால் அதைச் சொல்ல ஒரே வயதில், ஒரே தீனியில் வளர்ந்த பெரிய மீன்கள் பல பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் வீட்டில் இருக்கும் ஒன்றையோ இரண்டையோ வைத்துச் சொல்ல முடியாது.

டேங்க் கிளீனர் என்றும் சக்கர் என்றும் சொல்லும் மீனில் பார்க்க முடியும், ஆனால் மீன் 25 செ.மீ. தாண்டியிருக்க வேண்டும். சினோடான்டிஸ் என்று கடையில் விற்கும் கெளுத்தி வகையிலும் பார்க்கலாம். ஆசிய ரெட் டெயில் என்று விற்பது நம் ஆற்றுக் கெளுத்தியின் சொந்தக்காரன், அமேசான் ரெட் டெயிலுக்கும் அதற்கும் வால் நிறம் தவிர ஒட்டும் உறவும் இல்லை. அந்தக் குடும்பத்தில் ஆணுக்கு அடியில் சின்னக் காம்பு ஒன்று நீண்டிருக்கும். பவானியில் பிடிபடும் நாட்டுக் கெளுத்தியைக் குழம்புக்குக் கழுவும்போது திருப்பிப் பாருங்கள், சிலதில் மலத்துவாரத்துக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு முனை தெரியும், அதுதான்.

"வயிறு பெருத்துவிட்டது, முட்டை கட்டியிருக்கிறதா?"

இங்கேதான் அதிக மீன் சாகிறது, அதனால் இதை நிதானமாக எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு ரெட் டெயில் இருந்தன. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் ஜோடி என்று சொல்லிக் கொடுத்தது, அப்போது நாலு அங்குலம். தோட்டத்தில் பன்னிரண்டடிச் சிமென்ட் தொட்டியில் விட்டேன், அடியில் அழகுக்காக ஆற்றுக் கூழாங்கல் பரப்பியிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒன்றுக்கு வயிறு தொங்க ஆரம்பித்தது. வந்து பார்த்த மச்சான், "மாப்ள, இது சினைதான், தொந்தரவு பண்ணாம உடு" என்றார். நானும் நம்பினேன். தண்ணீர் மாற்றவில்லை, கிட்டப் போகவில்லை, பதினோரு நாள் காத்திருந்தேன். அம்மா மட்டும் மாட்டுக்குத் தண்ணி மொள்ளப் போகும்போதெல்லாம், "கண்ணு, அது ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது, சினைன்னா திங்காம இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் மிதந்தது. அறுத்துப் பார்த்தபோது இரைப்பையில் கோழி முட்டை அளவுக்குக் கருப்பாக ஒரு கூழாங்கல், வழவழவென்று, அதைச் சுற்றி இரைப்பைச் சுவர் வெளுத்துப் போயிருந்தது. முதுகெலும்புக்கு அடியில் இரண்டு பக்கமும் விளிம்பில் விரல் விரலாகப் பிரிந்து மெல்லிசாக ஒரு தசை ஓடியது. அது விந்துப்பை. இரண்டு வருஷமாக நான் பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஆண். கல்லை முதல் வாரத்திலேயே சந்தேகப்பட்டிருந்தால் அது பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது.

சரி, வயிற்றைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலில் மேலே இருந்து பாருங்கள், பக்கவாட்டில் இருந்து இல்லை. இரை தின்ற வயிறு முன்பக்கம், மார்புத் துடுப்புக்குப் பின்னாலேயே உப்பும், இரண்டு மூன்று நாள் தீனி நிறுத்தினால் வற்றிவிடும். கொழுப்பு என்றால் உப்பல் ஒரே சீராக எப்போதும் இருக்கும், மீன் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், தீனியைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். முட்டை என்றால் வீக்கம் பின்பக்கம், மலத்துவாரத்தை நோக்கி இறங்கும், இடமும் வலமும் சமமாக இருக்கும், வாரக்கணக்கில் மெதுவாகத்தான் வரும். அப்புறம் வயது ஒத்துவர வேண்டும். ஷார்க்கில் பெண் முட்டைக்குத் தயாராக மூன்று வருஷமாவது ஆகும், அதுவும் நல்ல குளத்தில். மூன்றடி டேங்கில் ஒரு வருஷமாக இருக்கும் ஷார்க்குக்கு முட்டை வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால், திடீரென்று வந்திருந்தால், இரை எடுக்காமல் தலை கீழாக நின்றாலோ சாய்ந்தாலோ, மீன் எதையோ விழுங்கியிருக்கிறது. ரெட் டெயில் வாயில் நுழைவது எதையும் விழுங்கும்: கல், ஹீட்டர், ஸ்பான்ஜ் துண்டு, கூட இருக்கும் மீன். உடனே விளக்கை அணைத்து, தீனியை நிறுத்தி, தொட்டியில் மிச்சம் இருக்கும் கல்லையெல்லாம் எடுத்துவிட்டு, தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். தொந்தரவு இல்லாமல் விட்டால் பல சமயம் தானே கக்கிவிடும். இரண்டு மூன்று நாளில் கக்கவில்லை என்றால் எக்ஸ்ரே வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் ஒருவரை முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் கல் பளிச்சென்று தெரியும். வயிற்றை அமுக்கி வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று நீர்க்கோவை. மற்ற மீனுக்கு நீர் கோத்தால் செதில் சிலிர்த்து நிற்கும், பார்த்ததும் தெரியும். கெளுத்திக்குச் செதிலே கிடையாது, அதனால் தோல் விறைத்து மினுமினுப்பாகும், கண் பிதுங்கும், வீக்கம் உடம்பு முழுக்க இருக்கும். இதையும் முட்டை என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் தண்ணீர் கெட்டதும் உள்ளுறுப்பு பழுதானதும்தான் காரணம். அமோனியா சோதனை பண்ணுங்கள், இருந்தால் அன்றைக்கே தண்ணீர் மாற்றுங்கள்.

"அடியில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது"

கேட்கிற கேள்வியில் உருப்படியானது இதுதான், ஏனென்றால் ஆண் பெண் தெரியும் மீனில் தெரிவது இங்கேதான். மீனின் அடிப்பக்கம் தலையிலிருந்து வால் வரை வந்தால் முதலில் மலத்துவாரம், அதற்கு ஒட்டிப் பின்னால் பிறப்புத் துவாரம், அதற்கும் பின்னால் அடித்துடுப்பு. மலத்துவாரத்திலிருந்து வருகிறதா, பின்னால் இருப்பதிலிருந்து வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மலத்துவாரத்திலிருந்து சிவப்பாக மெல்லிய நூல் மாதிரி இரண்டு மூன்று இழை தொங்கினால் அது குடற்புழு, ஆண் அடையாளம் இல்லை. ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவாமிசோல் இதற்கும் கேட்கும், ஆனால் தொட்டியின் லிட்டர் கணக்குச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள், பட்டியில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றிவிடாதீர்கள். சிவப்பாகச் சதைக் கட்டியாக வந்திருந்தால் குடல் வெளித்தள்ளியிருக்கிறது, தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பின்னால் இருக்கும் துவாரத்தில், தோல் நிறத்திலேயே, எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி சின்னக் காம்பு நின்றால் அது மேலே சொன்ன ஆண் காம்புதான். டேங்க் கிளீனரில் ஆணுக்குக் குட்டையாகத் தடித்த முளை வெளியே நிற்கும், பெண்ணுக்கு மட்டமாகவோ உள்வாங்கியோ இருக்கும். இதைப் பார்க்க மீனைப் பிடிக்கவே வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வாருங்கள், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தால் முளையின் நிழல் விழும். அந்த நிழல்தான் உங்களுக்கு வேண்டியது. நேராக வெளிச்சம் அடித்தால் எல்லாம் ஒரே வெளுப்பாகத் தெரியும், ஆண் பெண் பிரிக்க முடியாது. மூன்று நான்கு ராத்திரி எடுத்த படத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். அப்படியே முதுகுத் துடுப்பைத் தாங்கும் கதிர்களையும் எண்ணிவிடுங்கள். ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால் அரையடி, ஓரடியோடு நிற்கும் மீன் இல்லை, ஒன்றரை அடி வரைக்கும் போகும் பாய்மரத் துடுப்பு டேங்க் கிளீனர்.

சினோடான்டிஸில் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்குக் காம்பு கூம்பாகி வாலைப் பார்த்து நீளும், பெண்ணுக்கு உருண்டையாக இருக்கும், முட்டைக் காலத்தில் சிவந்து வீங்கும். அந்த வீக்கத்தைக் காம்பு என்று நினைத்து ஆண் என்று சொல்லிவிடுகிறார்கள். முனை கூராக இருக்கிறதா, மழுங்கலா என்று பாருங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியில் இது தெளிவாகவே தெரியும், ஆணுக்கு நீளமான கூர் காம்பு, பெண்ணுக்கு வட்டமான துவாரம். ஆனால் அந்த மீனை வளர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்கு என்று வெள்ளை நிறக் குஞ்சாக யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

"பிடித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்"

வலை போடாதீர்கள். கெளுத்தியின் முதுகு முள்ளும் மார்பு முள் இரண்டும் பூட்டிக்கொண்டு வலையில் மாட்டும். அதைப் பிய்த்து எடுக்கும்போது மீனுக்கு முள் உடையும், இல்லையென்றால் உங்கள் கையில் ஏறும், ஏறினால் ரெண்டு நாள் விண்விண் என்று வலிக்கும். கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மீனை மெதுவாக அதற்குள் ஓட்டுங்கள். அந்தத் தண்ணீரோடேயே தூக்கி, ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கீழேயிருந்து போட்டோ எடுங்கள். அரை நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். கையில்தான் எடுக்க வேண்டும் என்றால் நனைத்த பருத்தித் துணியால் பிடியுங்கள், காய்ந்த கை பட்டால் மேல் வழவழப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும். முந்தின நாள் தீனி கொடுத்திருக்கக் கூடாது, பயத்தில் கக்கும்.

இரண்டடிக்கு மேல் இருக்கும் ரெட் டெயிலையும் ஷவல்நோஸையும் இதற்காகத் தூக்காதீர்கள். தூக்கினாலும் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஷார்க் இன்னும் பயந்த மீன், துரத்தினால் கண்ணாடியில் மூக்கை முட்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். கிராம்பு எண்ணெய் ஊற்றி மயக்கிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், குஞ்சுப் பண்ணைகளில் அப்படிச் செய்வது உண்மைதான், ஆனால் பழகாத கையில் அளவு ஒரு துளி கூடினாலும் செவுள் நின்றுவிடும். ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்வதற்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

"ரெண்டும் சண்டை போடுகின்றன, ரெண்டும் ஆணா?"

இல்லை. இடம் போதவில்லை. ரெட் டெயில், ஷவல்நோஸ் எதுவாக இருந்தாலும் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். டேங்க் கிளீனர் மட்டும் கொஞ்சம் வேறு, ஒரே பொந்துக்கு இரண்டு பெரிய ஆண்கள் சேர்ந்தால் மார்பு முள்ளால் குத்திக்கொள்ளும். இன்னொரு பி.வி.சி. குழாயைப் போட்டுப் பாருங்கள், அடங்கிவிடும். அப்போதும் அதை வைத்து ஆண் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், காம்பைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

"ஒன்று மட்டும் மளமளவென்று வளர்கிறது"

ஷவல்நோஸ் இனத்தில் ஆற்றில் பெண் பெரிதாக வளரும் என்பது சரிதான். தொட்டியில் அப்படி வளர்வதற்கு முதல் காரணம் தீனிதான், முதலில் வாயைத் திறக்கிறது தின்றுவிடுகிறது. இரண்டு மூலையில் ஒரே நேரத்தில் போட்டு மூன்று மாசம் பாருங்கள். அதற்கப்புறமும் வித்தியாசம் இருந்தால் மெலிந்திருப்பதற்குப் புழு இருக்கிறதா என்று பாருங்கள்.

வால் சிவப்பு அதிகம் என்றால் ஆண், மீசை நீளம் என்றால் ஆண் என்று சொல்வதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. சிவப்பு தீனியாலும் வயதாலும் மாறும். மீசை சண்டையிலும் சொரசொரப்பான கல்லிலும் தேயும், திரும்ப வளரும்.

"தொட்டியில் முட்டை கிடக்கிறது"

தண்ணீருக்கு மேலே, சுவரில், ரோஸ் நிறத்தில் கொத்தாக இருந்தால் அது ஆப்பிள் நத்தை. கண்ணாடியில் ஒட்டின ஜெல்லியும் நத்தைதான். குழாய்க்குள்ளேயோ சுவர்ப் பொந்திலேயோ மஞ்சள் முட்டை ஒரு கட்டியாக இருந்து, டேங்க் கிளீனர் ஒன்று அதை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டு கிடந்தால், அங்கே கிடப்பது ஆண். அம்மா காவல் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம், இந்தக் குடும்பத்தில் முட்டைக்குக் காவல் அப்பாதான். இயற்கையில் ஆற்றங்கரை மண்ணைக் குடைந்து பொந்து போட்டு அதில்தான் வைக்கும், அதனால்தான் கண்ணாடித் தொட்டியில் அபூர்வம், மண் கரையுள்ள குட்டையில் சாதாரணம்.

முட்டை அங்கங்கே சிதறிக் கிடந்து ஒரு நாளில் வெள்ளையாகிவிட்டால், பெண் ஒன்று தனியாகவே போட்டிருக்கிறது, கரு இல்லை. எடுத்து எறிந்துவிடுங்கள், தண்ணீர் கெடும்.

ரெட் டெயிலும் ஷார்க்கும் வீட்டில் முட்டை வைக்காது. ஆடியில் காவிரியிலும் பவானியிலும் புதுத் தண்ணீர் வந்தால் மீன் ஏறும் என்பது நம் ஊர் ஆட்களுக்குத் தெரிந்ததுதானே, மீகாங் ஷார்க்கும் அதே மாதிரி வெள்ளத்தோடு வெகுதூரம் ஏறிப் போய்த்தான் முட்டை வைக்கும். அந்தப் பயணம் இல்லாமல் தானாக முட்டை வைக்காது. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் எடுக்கிறார்கள். அதற்குமுன் பெண்ணா என்று பார்க்க மெல்லிய குழாயைத் துவாரத்தில் விட்டு நாலு முட்டையை உறிஞ்சி எடுப்பார்கள், ஆணை வயிற்றைத் தடவிப் பால் மாதிரி விந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனிலும் தெரியும். அறுத்துப் பார்க்காமல் இந்த மீன்களில் உறுதியாகச் சொல்லும் வழி இந்த மூன்றுதான், மூன்றும் முதிர்ந்த மீனுக்குத்தான் பொருந்தும்.

"ஜோடி என்று கூடுதல் விலை சொல்கிறார்கள்"

நாலு அங்குல ரெட் டெயிலில் ஜோடி என்று ஒன்று கிடையாது. கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒன்று வாங்குங்கள், அதற்கே பெரிய தொட்டி வேண்டும். நாலடிக் கண்ணாடித் தொட்டி அதற்கு முதல் வருஷத்துக்குக்கூடத் தாங்குவது கஷ்டம். டேங்க் கிளீனரில் ஜோடி என்றால் காம்பைக் காட்டச் சொல்லுங்கள், மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது கடைக்காரர் காட்டிவிடலாம்.

"ரெண்டும் ஒரே பாலினம், ஒன்றை எங்கேயாவது விட்டுவிடலாமா?"

கீழ்பவானி வாய்க்காலில், நொய்யல் குளத்தில், பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில், உங்கள் கிணற்றில், எங்கேயும் விடாதீர்கள். டேங்க் கிளீனர் ஏற்கெனவே தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவிக் கரையைக் குடைந்துகொண்டிருக்கிறது, வலை போடுகிறவர்கள் அதன் முள்ளில் வலையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒற்றை மீன்தானே என்று நினைக்காதீர்கள், அதற்கு முன்னால் நாலு பேர் விட்டிருப்பார்கள். வாங்கின கடையிலோ பெரிய தொட்டி இருக்கிறவரிடமோ கொடுங்கள்.

யாரிடமாவது போட்டோ அனுப்பிக் கேட்பதாக இருந்தால் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அடியில் அந்த இரண்டு துவாரமும் தெரிகிற மாதிரி ஒன்று, கூட மீனின் நீளம், வயது, கடைசியாக எப்போது தின்றது, தொட்டியில் கல் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்கிறேன்.

என்னிடம் மிச்சம் இருக்கும் ரெட் டெயில் இப்போது இரண்டே முக்கால் அடி. ஆணா பெண்ணா தெரியாது. தொட்டி அடியில் வெறும் சிமென்ட்டுதான், ஒரு கல் கிடையாது. சாயங்காலம் அம்மா தொட்டி ஓரம் வந்தால் மேலே வந்து மீசையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டும்.